பீலி வளைவில் விளக்கெண்ணெய் வாசனை

அத்தியாயம் ஆறு

"ரயில் கார்ட் பச்சைக் கொடியை அசைச்ச உடன நாங்களும் வெளிக்கிட வேணும், ஜௌபர். முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்," என்றார் கனகரத்தினம்.

தெமோதரை ஸ்டேஷன் வாசலில் அந்தி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிளாட்ஃபாரத்தில் பதுளைக்குப் போகும் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சாம்பல் நிற ஸ்கூட்டரின் பின் சீட்டில், தொப்பியைக் கைக்குட்டையால் தாடையோடு சேர்த்துக் கட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கி, பதுளையின் ஒரே தனியார் துப்பறிவாளர் உட்கார்ந்திருந்தார். கனகரத்தினம் முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரார் பொய்களையெல்லாம் மூன்று மொழிகளில் மாற்றி மாற்றிச் சொல்லி அலுத்துப்போய், அந்த உத்தியோகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டார்.

ஹாண்டிலைப் பிடித்திருந்த ஜௌபர் அவருக்கு உதவியாளன், ஓட்டுநர், எடுபிடி எல்லாம். அவனிடம் எதற்குப் பஞ்சமிருந்தாலும் வாய்க்குப் பஞ்சமில்லை.

"ரயிலோட போட்டி போடுறதுக்கு இந்த ஸ்கூட்டரா சேர்? ரோட்டுல எரும மாடு போனாக்கூட, 'நீங்க முன்னால போங்க'ன்னு வழி விடுற ஜாதி இது."

வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்குக் கனகரத்தினம் மீசைக்குள் சிரிப்பார். இன்று அவர் சிரிக்கவில்லை.

"வழக்கை ஒருக்காச் சொல்லும் பாப்பம்," என்றார்.

இது அவருடைய பழக்கம். எந்தச் சோதனைக்கும் முன்னால் முழு வழக்கையும் உதவியாளன் வாயாலேயே சொல்ல வைப்பார். சொல்கிறவன் எந்த இடத்தில் எச்சில் விழுங்குகிறானோ அந்த இடத்தில்தான் வழக்கு இருக்கிறது என்பது நீதிமன்றத்தில் அவர் கற்ற பாடம். ஜௌபர் எச்சிலை முன்கூட்டியே விழுங்கிவிட்டுத் தொடங்கினான்.

"பழனியாண்டி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஃபெக்டரி வாச்மேன். போன மாசம் ஒரு சனிக்கிழம, அந்தி நேரம், வேலைக்கு நடந்து போறாரு. கணவாய்க்கு அந்தப் பக்கத்து இறக்கத்துல, மலைத் தண்ணி பீலி வழியா விழுற வளைவுல, ஏதோ ஒரு வண்டி அவர அடிச்சிப் போட்டுட்டு நிக்காமப் போயிடுது. இடுப்பு முறிஞ்சி, தலையில அடிபட்டு, இன்னும் ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாமக் கிடக்காரு."

"பிடிபட்டது?"

"அவர்ட மருமகன் மருதை. தோட்டத்து லொறி ட்ரைவர். அந்த நேரம் அந்த ரோட்டால வந்த ஒரே வண்டி லொறிதான்னு பொலிஸ் சொல்லுது. மாமனுக்கும் மருமகனுக்கும் முந்தின நாள் கோயில் விசயமா வாய்ச்சண்ட வேற. இப்ப ரிமாண்ட்ல இருக்காரு."

"ரோட்டுக்குக் கீழ பீலியில உடுப்புத் தோய்ச்ச பொம்பிளையள், வண்டியைக் காணேல்லை, லொறிச் சத்தமும் கேக்கேல்லை எண்டவை."

"நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்திருப்பான்னு பொலிஸ் சொல்லுது. தினமும் அப்படித்தான் உருட்டுவேன்னு மருதையும் ஒத்துக்கிட்டாரு. எண்ணெய் விக்கிற விலையில இறக்கத்துல யாரு சேர் எஞ்சினப் போட்டுக்கிட்டு வாறது? பதுளையில சைக்கிள்காரன்கூட எஞ்சின நிப்பாட்டிட்டுத்தான் இறங்குறான்."

"பழனியாண்டி ஒரு சொல் சொன்னவர். அதை விட்டிட்டீர்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக்குள்ள 'ஸ்கூட்டரு'ன்னு சொன்னாராம். மயக்கத்துல உளறுனதுன்னு பொலிஸ் எடுக்கல்ல. பேருக்கு மட்டும் புவாத்துங்கிற பொடியன விசாரிச்சாங்க. பஸார்ல புடைவைக் கட வச்சிருக்காரே, அவர்ட மகன். அந்தக் கடைத் துணிய சனிக்கிழமையில ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லய வீடுகளுக்கு ஸ்கூட்டர்ல கொண்டு போறவன் அவன். ஆனா அன்னைக்கி இந்த ரயில் இங்கயிருந்து வெளிக்கிடக்குள்ள புவாத் இந்த வாசல்ல சாம்பல் கலர் ஸ்கூட்டரோட நின்னத போர்ட்டர் பாத்திருக்காரு. அங்க பழனியாண்டி கத்துன சத்தமும், ரயில் பதுளைக்குள்ள ஊதிக்கிட்டு வந்த சத்தமும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு கேட்டிச்சின்னு பீலியில நின்ன அத்தன பேரும் சொல்றாங்க. ரயில் இங்கயிருந்து பதுளைக்குப் போற நேரத்துக்குள்ள, ஒரு ஸ்கூட்டர் பதுளையயும் தாண்டி, மலை ஏறி, கணவாயக் கடந்து, பீலி வளைவுக்குப் போகணும். அது முடியாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு."

"முடியாதோ?"

"முடியாது சேர்," என்று ஜௌபர் எச்சில் விழுங்கினான்.

முடியும். அது அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? முடிய வைத்தவனே அவன்தானே!

மச்சான் இத்ரூஸின் கராஜுக்குப் பின்னால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மத்தியானங்களில், கனகரத்தினத்தின் இந்தச் சாம்பல் ஸ்கூட்டரை ஜௌபர் பிரித்துப் போட்டு வேறொன்றாக்கியிருந்தான். சிலிண்டர் தலையைக் கண்ணாடித் துண்டின் மேல் மண்தாள் விரித்துத் தேய்தேயென்று தேய்த்து உயரம் குறைத்தான். புகை போகும் துவாரத்தை உருண்டை அரத்தால் அராவி அகலப்படுத்தினான். தேயிலை ஃபெக்டரியில் கழித்துப் போட்ட தண்ணீர்ப் பம்பின் காபரேட்டரைப் பூட்டினான். சைலன்சரைத் தகரத்தில் தானே சுருட்டி ஒட்டினான். எஞ்சின் இறுகிப் போகாமலிருக்க நல்ல எண்ணெய் வேண்டும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பலிறங்காத அந்த எழுபதுகளில் அதற்கு எங்கே போவது? பெற்றோலில் விளக்கெண்ணெயைக் கலந்தான். ஸ்கூட்டர் ஓடவில்லை, பறந்தது. சேர் பின்னால் உட்காரும்போது மட்டும் ஜௌபர் அதைக் கல்யாண ஊர்வலம்போல் ஓட்டினான்.

கராஜில் கூடும் இளவட்டங்களுக்குள் நெடுநாளாக ஒரு பந்தயம் இருந்தது. தெமோதரையில் ரயிலோடு கிளம்பி, அது பதுளையில் ஊதுவதற்குள் ஸ்பிரிங்வெளிக் கணவாயைத் தாண்ட வேண்டும். தோற்றவர்கள் எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடப் பெரிய தட்டில் ஒரு சஹன் புரியாணி வைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை கனகரத்தினம் வேறு வழக்காக ஹல்துமுல்லைக்கு பஸ்ஸில் போயிருந்தார். புவாத்தின் ஸ்கூட்டர், அதுவும் சாம்பல் நிறம்தான், பழுதாகிக் கராஜில் கிடந்தது. "மச்சான், ஒரேயொரு ஓட்டம்," என்று புவாத் கெஞ்சினான். தான் செய்த வேலை ஜெயிப்பதைப் பார்க்கும் ஆசையில் ஜௌபர் சாவியைக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மருதையை ரிமாண்டில் இருக்க விட்டிருந்தான். இன்னொன்றும் இருந்தது. அதன் கிட்டப் போக அவன் மனமே கூசியது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் சிரிக்கச் சிரிக்க ஒரு பகிடியை எடுத்துவிட்டு அதை மூடிவிடுவான்.

பச்சைக் கொடி அசைந்தது.

"கிக் அடியும்!"

ரயில் வளைந்து, மலையைச் சுற்றித் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போவதற்குள் ஸ்கூட்டர் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது. ஜௌபர் அக்ஸிலேட்டரை அளவாகத்தான் திருகினான். காலையிலேயே முடிவெடுத்திருந்தான். மெதுவாகப் போகவேண்டும். பாதி மலை ஏறும்போது ரயில் ஊதிவிடும். "பாத்தீங்களா சேர், முடியாது," என்று சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது. புவாத் தப்பினான், தானும் தப்பினான்.

மருதை? வக்கீல் ஒருவரைப் பிடித்தால் பிணை கிடைக்காதா என்ன? இப்படித்தான் அவன் ஒரு மாதமாக இரவில் தன்னைத்தானே தாலாட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தான்.

"பெற்றோல் காணுமோ?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "இது குடிக்கிற குடிக்கு என்ர சம்பாத்தியம் போதாது."

"வயசான வண்டி சேர். தாகம் கூட."

ஹாலி எலயைத் தாண்டினார்கள். பதுளை வந்தது. கடைத்தெருவில் வெற்றிலைக் கூடைக்காரியை ஒதுக்கி, பஸ் ஒன்றை முந்தி, சிறைச்சாலையின் நீண்ட மதிலோரமாகப் போனார்கள். ஜௌபர் மதிலைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தான். பார்க்காமலிருந்தால் மட்டும் மதில் இல்லாமல் போகுமா? அந்தப் பக்கம் மருதை உட்கார்ந்திருந்தான். ஒரு குற்றமும் செய்யாதவன், அடிபட்ட மாமனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாமல் இருந்தான்.

மலை ஏற்றம் தொடங்கியது. ஸ்கூட்டர் முனகியது. இங்கேதான் ஜௌபருக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

காலையில் இருவரும் அங்கம்மாவின் லயத்துக்குப் போயிருந்தார்கள். பழனியாண்டியின் மகள், மருதையின் மனைவி. தகப்பன் ஆஸ்பத்திரியில், புருஷன் சிறையில். அவள் பாலில்லாமல் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினாள். காதுள்ள கோப்பை ஒன்றுதான் இருந்தது. அதைத் துப்பறிவாளருக்குக் கொடுக்காமல் ஜௌபரின் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான ஓட்டப் போறீங்க தம்பி? கொஞ்சம் வேகமா ஓட்டிருங்க. நா பீலிகிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். ரயிலு ஊதறதுக்குள்ள நீங்க வந்துட்டா அவரு வந்துருவாருன்னு இந்த அய்யா சொன்னாங்க."

ஆளைத் தெரியாமல் கொடுத்த கோப்பை அது. ஜௌபருக்கு அந்தச் சாயத்தண்ணி இன்னும் நெஞ்சிலேயே நின்றது. சீ, நீயும் ஒரு மனுஷனா, என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

அக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினான்.

ஸ்கூட்டர் கனைத்துக்கொண்டு பாய்ந்தது. கனகரத்தினத்தின் குடை கக்கத்திலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரண்டு கைகளாலும் ஜௌபரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் பச்சைக் கோடுகளாக ஓடின. கொழுந்துப் பையோடு வந்த பெண்கள் அலறிக்கொண்டு ஓரம் போனார்கள். விளக்கெண்ணெய்ப் புகை பின்னால் நீண்டது. ஏற்றத்தை ஸ்கூட்டர் ஏற்றம் என்றே மதிக்கவில்லை.

கணவாயின் உச்சியில் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். எஞ்சின் படபடத்தது. கீழே பதுளை பனிக்குள் கிடந்தது. ரயில் இன்னும் ஊதவில்லை.

கனகரத்தினம் மெல்ல இறங்கினார். கைக்குட்டையை அவிழ்த்துத் தொப்பியை எடுத்து, தலையைத் தடவி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"என்ர ஸ்கூட்டர் நல்லா ஓடுது, என்ன?"

ஜௌபர் குனிந்து, எஞ்சினைப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"பயப்பிடாதையும். எனக்குக் காலமையே தெரியும்," என்றார் அவர். "அங்கம்மா தகப்பன்ர கம்பளியைக் காட்டினவள், நினைவிருக்கோ? எவ்வளவு தோய்ச்சும் டிஸ்பென்சரி விளக்கெண்ணெய் மணம் போகேல்லை எண்டு அழுதவள். பொலிஸ் அவளைப் பாத்துச் சிரிச்சதாம். நான் சிரிக்கேல்லை. அந்த மணம் மூண்டு நாலு மாசமா என்ர காற்சட்டையிலயும் இருக்குது. லயத்தில நான் சாயத்தண்ணி குடிக்கேல்லை, ஏன் தெரியுமோ? குனிஞ்சு என்ர முழங்காலை மணந்து கொண்டிருந்தனான்."

"சேர்..."

"அதோட, பந்தயக் கதை பஸார் முழுக்கத் தெரியும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருத்தரும் அதைக் கதைக்கேல்லை. வெண்டவன் புரியாணி கேக்கேல்லை, தோத்தவன் 'நீ தோத்திட்டாய்' எண்டு நக்கலடிக்கேல்லை. புரியாணியை ஒருத்தன் வேண்டாம் எண்டால் அவனுக்குப் பெரிய வருத்தம் ஏதோ இருக்குது."

"அப்ப ஏன் சேர் இந்தச் சோதன?"

"மணம் சாட்சி சொல்லாது. ஸ்கூட்டரை ஓட்டினவன்தான் சொல்ல வேணும். நீர் மெதுவா ஓட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது." அவர் குரல் கொஞ்சம் இளகியது. "சிறைச்சாலை மதில் தாண்டும்வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டினீர்."

ஜௌபருக்குக் கண் கலங்கியது. சாவியைக் கொடுத்ததையும், அன்று இரவே புவாத் நடுங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னதையும், இருவரும் வாயைத் திறப்பதில்லை என்று கைமேல் கையடித்துக்கொண்டதையும் கொட்டித் தீர்த்தான். சொல்லச் சொல்ல ஒரு பாரம் இறங்கியது. இவ்வளவுதானே, முடிந்தது, என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

"சரி," என்றார் கனகரத்தினம். "புவாத் கணவாய் வரைக்கும் வந்தது விளங்குது. பீலியில நிண்ட பொம்பிளையளுக்கு இந்தக் கனைப்புக் கேக்காமல் போனதெப்பிடி?"

"இங்க எஞ்சின நிப்பாட்டியிருக்கான் சேர். கணவாயத் தாண்டினா பந்தயம் முடிஞ்சிது. இறக்கத்துல எல்லாரையும் போல உருட்டிக்கிட்டுப் போயிருக்கான். ஃபெக்டரிக்குக் கீழ போய்த்தான் திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருக்கான்."

"அப்ப நாங்களும் உருட்டுவம். வளைவு வரைக்கும் பாத்தால்தான் சோதனை முழுசாகும்." அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நிப்பாட்டும் எஞ்சினை."

ஜௌபர் அசையவில்லை.

"என்ன?"

"வேணாம் சேர்."

"ரயில் ஊதப் போகுது. விடும்."

"மாட்டேன் சேர். நீங்க பின்னால இருக்கீங்க. கீழ அங்கம்மா நிக்குது. நடந்து போவம்."

கனகரத்தினம் இறங்கி முன்பக்கம் வந்தார். ஹாண்டிலைக் குனிந்து பார்த்தார். இடது பக்கத்து க்ளச் பிடி, விரல் பட்டுப் பட்டு வெள்ளிக் கரண்டிபோல மினுங்கியது. வலது பக்கத்து முன் பிரேக் பிடி மங்கிப்போய்த் தூசி படிந்திருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்திருந்தும், இவன் கால் பிரேக்கிலேயே பழகியவன் என்று நினைத்து விட்டுவிட்டார். இப்போது அந்தப் பிடியை ஒரு விரலால் இழுத்தார்.

அது எதையும் பிடிக்கவில்லை. ஒரு எதிர்ப்பும் இல்லாமல் வந்து ஹாண்டிலைத் தொட்டு, அப்படியே தொங்கியது.

"கேபிள் எங்கை?" என்றார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தூரத்தில், பதுளைக்குள், ரயில் நீளமாக ஊதியது. இரண்டு பேரும் அதைக் கேட்டும் கேட்காதவர்களாக நின்றார்கள்.

"பம்ப் காபரேட்டருக்கு நீளக் கேபிள் வேணும் சேர். ஸ்கூட்டர்ல இருந்தது எட்டல்ல. பண்டாரவளையில தேடினேன், கொழும்புக்குச் சொல்லி விட்டேன், நாடு முழுக்க ஒரு கேபிள் கிடைக்கல்ல. முன் பிரேக் கேபிளக் கழட்டி அக்ஸிலேட்டருக்குப் போட்டேன். நான் எப்பவும் கால் பிரேக்கத்தானே மிதிக்கிறேன், போதும்னு நினைச்சேன். பிடிய மட்டும் பாவனைக்கு அப்படியே விட்டேன். பொலிஸ் மறிச்சா கேக்காம இருக்க."

"நிப்பாட்டுறதைக் கழட்டி, ஓடுறதுக்குப் பூட்டியிருக்கிறீர்."

ஜௌபர் தலையைக் குனிந்தான்.

"புவாத்துக்கு இது தெரியுமோ?"

இதுதான் அந்த இன்னொன்று. ஒரு மாதமாகப் பகிடிகளைப் போட்டு மூடி வைத்திருந்தது.

"சாவி குடுக்கக்குள்ள சொல்லணும்னு நினைச்சேன் சேர். சொன்னா அவன் பயந்து மெதுவாப் போவான். பந்தயம் தோத்துரும்னு சொல்லாம விட்டுட்டேன்." அவன் குரல் உடைந்தது. "அன்னைக்கி ராத்திரி புவாத் வந்து, 'மச்சான், அந்த வயசாளியக் கண்டதும் கால் பிரேக்க மிதிச்சது பத்தல்ல, முன் பிரேக்க இறுக்கிப் பிடிச்சேன், ஒண்ணுமே வரல்ல, கேபிள் அறுந்திரிச்சி போல'ன்னு அழுதான். 'ஓம், கேபிள்னா அறும்தானே'ன்னு நான் சொன்னேன். அவனுக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. எல்லாம் தன்ட விதி, நஸீபுன்னு நெனச்சி அஞ்சு நேரமும் பள்ளிவாசல்ல குந்திக்கிட்டு இருக்கான்."

நீதிமன்றத்தில் எத்தனையோ பேரின் வாக்குமூலங்களை மொழிபெயர்த்த கனகரத்தினத்துக்கு, இதை எந்த மொழியில் மாற்றினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"புவாத் நிக்காமல் ஓடினது அவன்ர பிழை," என்றார். "மற்றது?"

"என்ட பிழ சேர்."

"பொலிஸில இதே மாதிரிச் சொல்லுவீரோ? பகிடி விடாமல்?"

"சொல்லுவேன்."

எஞ்சினை நிறுத்தினான். ஸ்கூட்டரை இறக்கத்தில் தள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை, அது தானாகவே ஓடப் பார்த்தது. ஜௌபர் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்து, குதிகாலை ரோட்டில் ஊன்றி ஊன்றி, அடிக்கு அடி நிறுத்திக்கொண்டே இறங்கினான். ஆளில்லாமலே இந்த இழுப்பு இழுக்கிறதே, அன்று புவாத்தையும் துணி மூட்டையையும் சுமந்துகொண்டு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக் கையை இன்னும் இறுக்கினான்.

பீலிக்குப் பக்கத்தில் அங்கம்மா தனியாக நின்றாள். தண்ணீர் கல்லில் விழும் சத்தத்தை மீறி எதையோ கேட்க முயன்றதுபோல் தலையைச் சாய்த்திருந்தாள். அவர்கள் நடந்து வருவதைக் கண்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"ரயிலு அப்பவே ஊதிருச்சுங்களே அய்யா," என்றாள். "ஸ்கூட்டரு வரலியே. அப்ப முடியாதுங்களா? அவரு வர மாட்டாருங்களா?"

கனகரத்தினம் ஜௌபரைப் பார்த்தார்.

"முடியும்," என்றான் ஜௌபர். "ரயில் ஊதுறதுக்கு முந்தியே கணவாய்க்கு வந்துட்டோம். நாந்தான் கீழ விடல்ல. உங்க புருஷன் ஒண்ணும் செய்யல்ல. உங்க அப்பாவ அடிச்சது இந்த ஸ்கூட்டர்தான். ஓட்டுனது வேற ஆளு. ஆனா பிரேக்கக் கழட்டினது நான். கழட்டினத சொல்லாம ஓட்டக் குடுத்ததும் நான். ஆரம்பத்திலருந்து எல்லாம் எனக்குத் தெரியும்."

அங்கம்மா ஸ்கூட்டரின் கிட்டே வந்தாள். சூடான சைலன்சரிலிருந்து வந்த வாசனை அவளைத் தொட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கம்பளியை எத்தனை தடவை தோய்த்திருப்பாள்.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஜௌபர் எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலைல வீட்டுக்கு வந்தீங்களே தம்பி," என்றாள் அவள். "சாயத்தண்ணி குடிச்சீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல?"

ஜௌபர் தொங்கிக்கொண்டிருந்த பிரேக் பிடியையே பார்த்தான்.

"இப்ப போய்ப் பொலிஸில சொல்லப் போறான் பிள்ளை," என்றார் கனகரத்தினம். "சொன்னால் மருதையை விட வேணும். நான் கூடப் போறன்."

"எப்பங்க விடுவாங்க?"

"நாளைக்குக் கோட்டில நீதவானிட்டச் சொல்லுவம். விடுவினம்."

அவள் தலையாட்டினாள். ஜௌபர் ஸ்கூட்டரைத் திருப்பி கிக்கரை உதைத்தான். எஞ்சின் இருமியது. மறுபடி உதைத்தான், இருமல்கூட வரவில்லை. மூடியைத் திறந்து டாங்க்குக்குள் பார்த்தான். காய்ந்து கிடந்தது. பறந்த பறப்பில் இருந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டது.

"விட்டிட்டு நடப்பமோ?" என்றார் கனகரத்தினம்.

"இல்ல சேர். இத பொலிஸ்காரங்க பாக்கணும். அந்தப் பிடிய இழுத்துப் பாக்கணும்."

ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினான். கணவாய் வரைக்கும் நல்ல ஏற்றம். அடுத்த வளைவு வருமுன்னே மூச்சு வாங்கியது, கால் வழுக்கியது, ஸ்கூட்டர் பின்னோக்கி இழுத்தது. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. இது கழன்றால்கூடத் தகும் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தள்ளினான்.

திடீரென்று பாரம் பாதியாகக் குறைந்தது.

சேராக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் சேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஜௌபர் திரும்பிப் பார்த்தான். பின் சீட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைக் குனிந்து, அங்கம்மா தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தானை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"நீங்க விடுங்க," என்றான். "வேணாம். நான் தள்ளுறேன்."

"நீங்க தனியாத் தள்ளுனா லேட்டாயிரும் தம்பி," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "பொலிசு வரைக்கும் போவணுமில்ல. சீக்கிரமா தள்ளுங்க."

ஜௌபர் முன்னால் திரும்பிக்கொண்டான். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. அவன் விரல்களுக்குக் கீழே முன் பிரேக் பிடி, எதையும் பிடிக்காமல், கணவாய் வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தது.